60 அடி பாம்பு உண்டா? டைனோசருக்கு அப்புறம் வந்த ராட்சச ஊர்வன பத்தி ஒரு ஞாயித்துக்கிழமை கேள்வி பதில்

போன வாரம் மேலூர் பக்கம் ஒரு கண்மாய்ல 60 அடி பாம்பு புடிச்சாங்கன்னு ஒரு படம் சுத்துச்சுல்ல, ஜேசிபி பக்கெட்டுல தொங்க விட்ட மாதிரி, அத எனக்கு மட்டும் பதினோரு பேரு அனுப்பிட்டீங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் தட்டி தட்டி கட்டை விரல் வலிக்குதுப்பா. அதான் இன்னைக்கு ஒரே இடத்துல எல்லாரும் கேளுங்க, மொத்தமா சொல்லிடுறேன்னு சொன்னேன். என்னைய தெரியாதவங்களுக்கு, நான் 31 வருஷம் காலேஜ்ல ஜியாலஜி எடுத்தவன், இப்ப ரிட்டயர் ஆகி நாகமலை அடிவாரத்துல வீட்டைக் கட்டி உக்காந்திருக்கேன். ஒரே ஒரு கண்டிஷன். எது எவ்வளவு நீளம்னு கேட்டா ஒத்த நம்பரா சொல்ல மாட்டேன், இதுல இருந்து இதுவரைக்கும்னுதான் சொல்லுவேன். ஏன்னு போகப் போக புரியும்.

செல்லூர் தம்பி: அண்ணே மொதல்ல அந்த படம் நெசமா பொய்யா? 60 அடி பாம்பு எப்பவாச்சும் உலகத்துல இருந்துச்சா?

படம் டூப்பு தம்பி. பாம்பு இருந்திருக்கும், 60 அடி இருந்திருக்காது. இன்னைக்கு உயிரோட இருக்குறதுலயே நீளமான பாம்பு இந்தோனேசியா மலேசியா பக்கம் இருக்குற ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு, அது 20 அடி தாண்டுனாலே பெரிய விஷயம். வெயிட்டுல அனகோண்டா. செத்து மண்ணாப் போனதையும் சேத்துக்கிட்டா ரெண்டு பேரு போட்டிக்கு வருவாங்க. ஒண்ணு தென் அமெரிக்காவுல கொலம்பியா நாட்டு டைட்டனோபோவா, சுமார் 42 அடி, ஒரு டன்னுக்கு மேல வெயிட்டு, அதாவது மூணு ஜல்லிக்கட்டு காளையை ஒண்ணா கட்டுன கனம். இன்னொண்ணு நம்ம குஜராத்து வாசுகி, 36 அடியில இருந்து 50 அடி வரைக்கும் கணக்கு சொல்றாங்க. 60 எவனும் சொல்லல. டவுன் பஸ்ஸை மனசுல வச்சுக்க, அதை விட கொஞ்சம் நீளம். அது போதாதா பயப்பட?

மேலூர் டீச்சர்: சார் வணக்கம், ஏழாம் கிளாஸ் பசங்க கேக்குறாங்க, இந்த டைட்டனோபோவா டைனோசரை முழுங்கி இருக்குமான்னு.

வணக்கம்மா. முழுங்க முடியாது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்ததே கிடையாது. மெக்சிகோவுல விண்கல் விழுந்து டைனோசர் கதை முடிஞ்சது 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி. டைட்டனோபோவா வாழ்ந்தது 5 கோடியே 80 லட்சம், 6 கோடி அந்த வாக்குல. இடையில குறைஞ்சது 60 லட்சம் வருஷம் கிடக்கு. நமக்கும் கீழடிக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய ரெண்டாயிரம் தடவைக்கு மேல அடுக்கணும்னு பசங்ககிட்ட சொல்லுங்க, பலகையில கோடு போட்டுக் காட்டுனா இன்னும் நல்லா பதியும்.

ஆனா டைனோசர் குஞ்சைத் திங்க வந்த பாம்பு நெசமாவே ஒண்ணு கிடைச்சிருக்கும்மா, அதுவும் நம்ம நாட்டுல. குஜராத்துல டோலி டுங்ரின்னு ஒரு ஊர்ல 1980கள்ல தனஞ்ஜய் மொஹபேங்கிற ஜியாலஜிஸ்ட் டைனோசர் முட்டைக் கூடு ஒண்ணு கண்டுபிடிச்சார். கூட்டுல முட்டை, பக்கத்துல சின்ன எலும்பு. எல்லாமே டைனோசர் குஞ்சோட எலும்புன்னுதான் நெனச்சு வச்சிருந்தாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு ஜெஃப்ரி வில்சன்னு ஒரு அமெரிக்க ஆளு வந்து பாத்துட்டு, அட இதுல ஒரு பாம்பு சுருண்டு கிடக்கேன்னு சொல்லியிருக்கார். உடைஞ்ச முட்டைய சுத்தி உடம்பு, பக்கத்துலயே அரை மீட்டர் குஞ்சு, அப்படியே மண்ணு மூடி அமுக்கிருச்சு. 2010ல சனஜேன்னு பேர் வச்சாங்க. நீளம் 11 அடி சொச்சம்தான், ராட்சசன்லாம் இல்ல. அந்தப் பாம்போட வம்சம் டைனோசர் போனதுக்கு அப்புறமும் தப்பிச்சு நின்னுச்சு, அதே குஜராத்துல பின்னாடி வந்தவன்தான் வாசுகி. சரித்திரம் எங்க போய் முட்டுது பாருங்க.

திருமங்கலம் ஆசாரி: ஐயா நான் மரவேலை பாக்குறவன். ஒரு துண்டு எலும்பை வச்சுக்கிட்டு 40 அடி 50 அடின்னு எப்படி சொல்றாங்க? எனக்கு ஒரு கால் மட்டும் குடுத்தா அது நாற்காலி காலா கட்டில் காலான்னே சொல்ல முடியாது.

ஆசாரி, இன்னைக்கு வந்த கேள்வியிலயே இதுதான் கேள்வி. கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

வீட்டுல மீன் கொழம்பு வைக்கும்போது வஞ்சிரமோ விராலோ, நடு முள்ளுல ஒரு கண்ணியை மட்டும் கழட்டி கழுவிப் பாருங்க. ரெண்டு பக்கமும் குழிஞ்சு, நடுவுல ஒடுங்கி, உடுக்கை மாதிரி இருக்கும். பாம்போட முதுகெலும்பு அப்படி இருக்காது. முன்பக்கம் கிண்ணம் மாதிரி குழி, பின்பக்கம் கோலிக்குண்டு மாதிரி உருண்டை, ஒண்ணோட குண்டு அடுத்ததோட குழியில போய் உக்காரும், அதான் அது எந்தப் பக்கமும் வளையுது. இதுல ஒரு சிக்கல், இன்னைக்கு இருக்குற முதலைக்கும் இதே குழியும் குண்டும் உண்டு. ஆனா பாம்புக்கு கூடுதலா ஒரு வேலை இருக்கு. எலும்போட முன்பக்கம் மேல ஒரு சின்ன முளை, பின்பக்கம் அதுக்கு ஏத்த துளை. நீங்க கதவு நிலைக்கு முளை போட்டு துளையில எறக்குவீங்கல்ல, அச்சு அசல் அதேதான். பாம்பு அம்புட்டு வளைஞ்சும் முறுக்கிக்காம இருக்குறது அந்த முளையாலதான். அந்த முளைய பாத்துட்டா முதலைங்கிற பேச்சே கிடையாது.

இதைப் பாக்காம விட்டதுல ரெண்டு பெரிய கூத்து நடந்துச்சு. டைட்டனோபோவா எலும்பு கொலம்பியாவுல செரஹோன்னு ஒரு பெரிய நிலக்கரிச் சுரங்கத்துல இருந்து எடுத்தது, அமெரிக்காவுல ஃப்ளோரிடா மியூசியத்துக்கு அனுப்பி, பையில முதலைன்னு சீட்டு ஒட்டி கிடந்துச்சு. முதலை ஆராய்ச்சி பண்ண வந்த மாணவங்கதான் பையப் பிரிச்சு பாத்துட்டு இது முதலை இல்லையேன்னு கத்துனது. பாம்பு எலும்பு மாதிரி இருக்கு, ஆனா பாம்புல இம்புட்டு பெருசான்னு யாருக்கும் நம்பிக்கை வரல. 2009ல ஜேசன் ஹெட்டுங்கிறவரும் கூட்டாளிகளும் முறையா பேர் வச்சு வெளியிட்டாங்க. நம்ம வாசுகியும் அதே கதைதான், 2005ல கச்சுல பனந்த்ரோ லிக்னைட் சுரங்கத்துல சுனில் பாஜ்பாய் எடுத்த எலும்பு, அவரும் முதலைன்னு நெனச்சு பல வருஷம் ஓரமா வச்சிருந்தார். அப்புறம் தேபஜித் தத்தா வந்து சேந்து, ரெண்டு பேரும் உக்காந்து சுத்தம் பண்ணிப் பாத்தப்பதான் பாம்புன்னு தெரிஞ்சுச்சு. 2024 ஏப்ரல்ல ரூர்க்கி ஐஐடியில இருந்து ஆராய்ச்சிப் பேப்பர் வந்துச்சு. 27 எலும்பு கிடைச்சிருக்கு, பெருசு ஒண்ணு கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் அகலம். உங்க உள்ளங்கைய விரிச்சு பாருங்க, அதை விட அகலம், ஒரு பாம்போட ஒத்த கண்ணி!

இப்ப நீளத்துக்கு வருவோம். புதுமண்டபத்துப் பக்கம் வளையல் கடைக்காரம்மா ஒரு வளையலைப் பாத்தே இது பத்து வயசுப் புள்ளைக்கு, இது கல்யாணப் பொண்ணுக்குன்னு சொல்லுவாங்கள்ல? அதே கணக்குதான். உயிரோட இருக்குற பாம்புல எலும்பு அகலத்துக்கும் மொத்த நீளத்துக்கும் என்ன விகிதம்னு நூத்துக்கணக்குல அளந்து வச்சிருக்காங்க, அதுல இதைப் பொருத்திப் பாக்குறது. ஆனா பாம்புக்கு 200ல இருந்து 400 கண்ணி வரைக்கும் இருக்கும், கழுத்துப் பக்கம் சின்னது, நடு உடம்புல பெருசு, வால்ல மறுபடி சின்னது. கையில இருக்குறது எந்த இடத்துக் கண்ணின்னு தப்பா நெனச்சா மொத்தக் கணக்கும் போச்சு. வாசுகிக்கு ஒரு முறையில போட்டா 36-40 அடி வருது, இன்னொரு முறையில போட்டா 48-50 வருது. டிவில என்ன சொன்னான்? 50 அடின்னு மட்டும் சொன்னான். 36ங்கிறத அப்படியே முழுங்கிட்டான், பாம்பை விட மோசமா.

உங்க கட்டில் கால் உதாரணம் சரிதான் ஆசாரி, ஆனா அந்தக் கால்ல போட்டிருக்குற துளையப் பாத்தா நீங்க சொல்லிருவீங்க.

மாட்டுத்தாவணி பழக்கடை: அண்ணே வாசுகின்னா பாற்கடல் கடைஞ்ச பாம்புதான? அது நெசமா இருந்துச்சுன்னு இவங்களே ஒத்துக்கிட்டாங்களா அப்ப?

அந்தப் பேரை வச்சாங்க, அவ்வளவுதான்யா. சிவன் கழுத்துல இருக்குற நாகராஜா பேரு இதுக்குப் பொருத்தமா இருக்கும்னு வச்சது, இந்தியாவுல கிடைச்சதால இண்டிகஸ்னு பின்னாடி சேத்துக்கிட்டாங்க. வாழ்ந்தது 4 கோடியே 70 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, அப்ப கடையுறதுக்கு தேவரும் இல்ல அசுரரும் இல்ல, மனுஷப் பயலே இல்ல. நம்ம நாடு அப்பத்தான் ஆசியாவுல வந்து மோதிக்கிட்டு இருந்துச்சு. கச்சு அப்ப வறண்ட பூமி இல்ல, கடலோர சதுப்பு, கெளுத்தி, ஆமை, முதலை, அது போக நாலு காலோட தண்ணிக்குள்ள எறங்கிப் பழகிக்கிட்டு இருந்த பழைய திமிங்கலம் வரைக்கும் அங்க இருந்திருக்கு. வாசுகி உடம்பு உருட்டையா தடியா இருக்குறதைப் பாத்து, இது அனகோண்டா மாதிரி தண்ணியிலயே கெடக்குற ஆள் இல்ல, மலைப்பாம்பு மாதிரி கரையில ஒரே இடத்துல மெதுவா காத்துக் கிடந்து அமுக்குற ஆளுன்னு அவங்க கணிக்கிறாங்க. என்ன தின்னுச்சுன்னு வயித்துக்குள்ள பாத்தவன் இல்ல.

சிம்மக்கல் டூவீலர் மெக்கானிக்: நல்ல வெயில் அடிச்சா பாம்பு பெருசாகும்னு படிச்சேன். நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு எத்தனை அடி வளரணும்? ஹாஹா

சிரிச்சாலும் விஷயம் இருக்குப்பா. பாம்புக்கு உடம்புச் சூடு வெளியில இருந்துதான் வரணும். நம்ம சோறு தின்னு சூடு உண்டாக்குறோம், அது வெயில்ல படுத்து ஏத்திக்குது. உடம்பு பெருசாக பெருசாக அதை ஓட்டுறதுக்கு ஊரே சூடா இருக்கணும். இதை தலைகீழா போட்டாங்க. 42 அடி பாம்பு வாழணும்னா வருஷ சராசரி 30ல இருந்து 34 டிகிரி இருந்தாத்தான் முடியும்னு கணக்கு வந்துச்சு, அதாவது ஒரு பாம்பை தெர்மாமீட்டரா வச்சு 6 கோடி வருஷத்துக்கு முந்தின கொலம்பியா எவ்வளவு கொதிச்சுதுன்னு சொன்னாங்க. அருமையான யோசனை. எனக்கு அது மேல ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு, மத்தவங்களும் அப்பவே கேள்வி கேட்டாங்க.

இப்ப வாசுகி வந்து அதை இன்னும் கிளறி விட்டுருச்சு. அதே முறையில வாசுகிக்கு போட்டா சுமார் 28 டிகிரிதான் வருது. மதுரை வருஷ சராசரியே கிட்டத்தட்ட அம்புட்டு இருக்கும். அப்ப வெயில் மட்டும் போதும்னா வைகை ஆத்துல வாசுகி படுத்திருக்கணுமே? வெயில் இருந்தா வளரலாம், ஆனா வளர்றதுக்கு வருஷம் முழுக்க தீனி வேணும், தண்ணி வேணும், அடிச்சுப் போட வேற பெரிய ஆள் இல்லாம இருக்கணும். செரஹோன்ல அம்புட்டும் இருந்துச்சு, மழைக்காடு, பெரிய பெரிய ஆறு, நுரையீரல் மீனு, 5 அடி 8 அங்குல ஓடு உள்ள ஆமை, முதலைச் சொந்தக்காரங்க மூணு வகை. டைட்டனோபோவா மண்டையோடும் பின்னாடி கிடைச்சது, பல்லு அமைப்பைப் பாத்தா முக்கியமா மீன்தான் தின்னிருக்கும்னு சொல்றாங்க. படத்துல காட்டுற மாதிரி முதலையோட கட்டிப் புரண்டுக்கிட்டே இருந்திருக்காது. நம்ம வைகையில எதை திங்கிறது? நெகிழிப் பையா?

நாகமலை புதுக்கோட்டை, நம்ம தெரு பையன்: தாத்தா நம்ம நாகமலைக்குள்ள பாம்பு ஃபாசில் இருக்கா? எங்க ஆச்சி சொல்லுது அது பாம்புதான் மலையாச்சுன்னு.

ஆச்சி சொல்றது திருவிளையாடல் கதை கண்ணு. சமணர் யாகத்துல இருந்து பாம்பை ஏவி விட்டாங்க, பாண்டியன் அம்பு விட்டுக் கொன்னான், அது மலையா கிடக்குதுன்னு. சாயங்காலம் மொட்டை மாடியில நின்னு பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும், நீட்டா வளைஞ்சு படுத்திருக்கும், எனக்கே தோணும். நம்ம ஊருக்கு இன்னொரு பாம்புக் கதையும் உண்டு, எல்லை எதுன்னு தெரியாம போனப்ப ஒரு பாம்பு வாலை வாயில வச்சு ஊரைச் சுத்தி வளைச்சுக் காட்டுச்சாம், அதுல இருந்துதான் ஆலவாய்னு பேரு. அந்தப் பாம்பை அளந்தா வாசுகியெல்லாம் புழு.

ஆனா ஃபாசிலுக்கு, அதான் கல்லாப் போன எலும்புக்கு, பாறைய கேக்கணும். நாகமலை, பசுமலை, ஒத்தக்கடை யானைமலை, எல்லாம் பூமிக்கு அடியில அழுத்தத்துல, சூட்டுல வெந்து உருமாறுன பாறை, குறைஞ்சது 50 கோடி வருஷத்துக்கு மேல. அப்ப பாம்பு என்ன, கால் உள்ள ஜந்துவே தரையில கிடையாது. அப்படியே ஏதாவது இருந்திருந்தாலும் அந்தச் சூட்டுல மிஞ்சாது, அப்பளத்தை சுட்டா அதுல அச்சு நிக்குமா? எலும்பு நிக்கணும்னா சேறு வேணும், மணல் வேணும், அது மெதுவா படிஞ்சு கல்லாகணும்.

அவனியாபுரம் காளை வளக்குற அண்ணே: உடும்பு ராட்சசன் ஒண்ணு ஆஸ்திரேலியாவுல இருந்துச்சாமே, அது பத்தி.

மெகலேனியா. இது எனக்குப் பிடிச்ச ஆளு. நம்ம வயக்காட்டு உடும்போட நேரடி ஜாதி, வரானஸ்னு ஒரே இனத்துலதான் வைக்கிறாங்க, இப்ப இந்தோனேசியாவுல இருக்குற கொமோடோ டிராகனும் அதே ஜாதிதான், அது 10 அடி வரும். மெகலேனியாவுக்கு 1859ல ரிச்சர்ட் ஓவன் பேர் வச்சார், வெறும் முதுகெலும்பு ஒரு சிலதை மட்டும் வச்சு. டைனோசர்னு வார்த்தையை உண்டாக்குனதும் இவர்தான். அப்ப இருந்து ஆளாளுக்கு அளவு சொல்லி, 23 அடின்னு சொன்னாங்க, அதுக்கு மேலயும் போனாங்க, அப்புறம் நிதானமா அளந்தவங்க 15 அடி பக்கம் எறக்கிட்டாங்க. முழு எலும்புக்கூடு இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல, மியூசியத்துல நிக்கிறதெல்லாம் செஞ்சு வச்சது.

இதுல மத்ததுக்கு இல்லாத ஒரு விசேஷம், இதை மனுஷன் பாத்திருக்கலாம். பெரிய உடும்போட எலும்பு சுமார் 50,000 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் கிடைக்குது, ஆஸ்திரேலியாவுல மனுஷன் அதுக்குள்ள போய் சேந்துட்டான். ராத்திரி வெளிய போக எழுந்திரிச்சா எதுக்க 15 அடி உடும்பு நிக்கும். உடும்புப் பிடின்னு நம்ம சொல்றோமே, அந்தப் பிடி எப்படி இருந்திருக்கும்! அப்புறம் அண்ணே, உடும்பைப் புடிச்சு ரசம் வைக்கிற பழக்கம் யாருக்காச்சும் இருந்தா விட்டுருங்க, வனச்சட்டத்துல புலிக்கு இருக்குற பாதுகாப்பு அதுக்கும் உண்டு, ஜெயில்தான்.

தல்லாகுளம் அக்கா: கூர்மாவதாரம் அளவு ஆமை இருந்துச்சா தம்பி?

இருந்துச்சுக்கா, இமயமலை அடிவாரம் சிவாலிக் மலையில. ஃபால்கனர்னு ஒரு டாக்டர், சஹரன்பூர்ல தாவரத் தோட்டம் பாத்துக்கிட்டவர், காட்லின்னு ஒரு இஞ்சினியர், கங்கைக் கால்வாய் வெட்டுனாரே அவரேதான், இவங்க ரெண்டு பேரும் 1830கள்ல சேந்து எடுத்த எலும்பு. தரையில நடக்குற ஆமை. நீங்க கேட்டது அவங்களுக்கே தோணிருச்சு, உலகத்தை ஆமை தாங்குதுன்னு இந்துக்கள் சொல்றாங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு ஃபால்கனர் எழுதியே வச்சிருக்கார். மொதல்ல ஓடு 12 அடின்னு சொன்னாங்க. இப்ப மெகலோகெலிஸ்னு பேரு, ஓடு சுமார் 6, 7 அடிதான். பாதியாயிருச்சு பாத்தீங்களா.

சிவாலிக்குல ரம்ஃபோசூகஸ்னு ஒரு முதலையும் உண்டு. 50, 60 அடின்னு பாட்டு பாடிக்கிட்டு இருந்தாங்க, 2001ல திரும்ப அளந்தா 26ல இருந்து 36 அடி. அளந்தது யாருன்னா பின்னாடி டைட்டனோபோவாவுக்கு பேர் வச்ச அதே ஜேசன் ஹெட். எகிப்துல கிகாண்டோஃபிஸ்னு ஒரு பாம்பு, டைட்டனோபோவா வர்றதுக்கு முன்னாடி நூறு வருஷமா அதுதான் சாம்பியன், 30 அடிக்கு மேலன்னு சொல்லுவாங்க, 2017ல அளந்தவங்க 23 அடிக்கு எறக்கிட்டாங்க. ராட்சசனுக்கெல்லாம் வயசாக ஆக குட்டையாகுற வியாதி இருக்கு. இதுக்குத்தான் மொதல்லயே ஒத்த நம்பர் சொல்ல மாட்டேன்னேன்.

திருப்பரங்குன்றம், அம்மா போன்ல இருந்து ஒரு நாலாம் கிளாஸ்: மாமா முதலை பெருசா ஆமை பெருசா, சண்டை போட்டா யாரு ஜெயிப்பா?

அப்படிக் கேளு! தென் அமெரிக்காவுல ரெண்டும் ஒரே தண்ணியில இருந்துச்சு. புருசாரஸ்னு ஒரு முதலை, 30 அடிக்கு மேல, மண்டை மட்டுமே உன்னைய விட நீளம். ஸ்டுபெண்டெமிஸ்னு ஒரு ஆமை, ஓடு 8 அடி, நீ, உன் தம்பி, உங்க அம்மா மூணு பேரும் அது மேல படுத்துக்கலாம். ஆம்பள ஆமைக்கு ஓட்டுல கழுத்துப் பக்கம் ரெண்டு கொம்பு வேற இருந்துச்சு. அந்த ஆமை ஓட்டுல முதலை கடிச்ச தடம் இருக்கு. அப்புறம் பெரு நாட்டுல நாபோ ஆத்துப் பக்கம் பழைய காலத்து விலங்கு ஒண்ணோட கால் எலும்பு கிடைச்சது, 1 கோடியே 30 லட்சம் வருஷம் பழசு, அதுல 46 பல்லுத் தடம். எண்ணிப் பாத்திருக்காங்க! கடிச்சது ஒரு குட்டி புருசாரஸா இருக்கும்னு சொல்றாங்க, பெரியவன் கடிச்சிருந்தா எலும்பே மிஞ்சியிருக்காது. அதனால முதலைக்கு என் ஓட்டு.

இதுங்க எப்படி போச்சுன்னு பெரியவங்க கேப்பீங்க. அமேசான் பக்கம் அப்ப இப்ப இருக்குற ஆறு கிடையாது, பெருசா ஏரியும் சதுப்புமா நாடு நாடா பரந்து கிடந்துச்சு. ஆண்டிஸ் மலை மேல எழும்ப எழும்ப அந்தத் தண்ணியெல்லாம் வடிஞ்சு கிழக்கே ஆறா ஓட ஆரம்பிச்சிருச்சு. பங்குனி கடைசியில கண்மாய் வத்துறதைப் பாத்திருப்பீங்க, சேறு மட்டும் மிஞ்சும்போது சின்ன மீனுக்கு ஒரு கை தண்ணி போதும், பெருசு முதுகு வெளிய தெரிய கிடந்து துடிக்கும், நம்மாளுக ஊத்தா எடுத்துக்கிட்டு எறங்கிருவாங்க. அம்புட்டுதான் நடந்துச்சு, ஊத்தா மட்டும் கிடையாது.

காளவாசல் காலேஜ் மாணவி: சார், விண்கல் விழுந்தப்ப முதலை மட்டும் எப்படி தப்பிச்சது? அதுவும் பெருசுதானே?

நல்ல கேள்விம்மா. தரையில 25 கிலோவுக்கு மேல இருந்த எதுவும் ஏறக்குறைய மிஞ்சலன்னு சொல்லுவாங்க. முதலைக்கு ரெண்டு விஷயம் கை குடுத்துச்சு. ஒண்ணு, மாசக்கணக்குல தின்னாம கிடக்க முடியும், உடம்புல செலவு கம்மி. இன்னொண்ணு, ஆத்துலயும் குளத்துலயும் சாப்பாட்டுச் சங்கிலி பச்சை இலைய மட்டும் நம்பி இல்ல, அழுகுன இலை, செத்தை, அதைத் திங்கிற புழு, புழுவத் திங்கிற மீனுன்னு ஓடும். வெயிலே இல்லாம செடி செத்தாலும் அழுகல் கொஞ்ச காலம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். ஆமையும் அந்த வழியிலதான் தப்பிச்சது. எல்லா முதலைச் சாதியும் தண்ணியிலதான் இருந்துச்சுன்னு நெனைக்காதீங்க, செபெசிட்னு ஒரு வகை தரையில ஓடி வேட்டையாடுனது, பல்லு டைனோசர் பல்லு மாதிரி ரம்பம் வச்சது. அதுல பாரினாசூகஸ் 20 அடிக்கு மேல. அந்த வகை கரீபியன் தீவுல 50 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் கூட இருந்திருக்குன்னு 2025ல ஒரு பேப்பர் வந்துச்சு.

எஸ்.எஸ். காலனி: மெகலடான்?

சுறா. ஊர்வன இல்ல. அடுத்து.

விளாங்குடி: டிஎன்ஏ எடுத்து திரும்ப உண்டாக்க முடியுமா சார்

முடியாதுய்யா. இதுவரைக்கும் கிடைச்சதுலயே பழைய டிஎன்ஏ கிரீன்லாந்து உறைமண்ணுல இருந்து வந்தது, 20 லட்சம் வருஷம். வாசுகி 4 கோடியே 70 லட்சம். குஜராத்து சூட்டுல ஒரு எழுத்து கூட மிஞ்சியிருக்காது.

வாடிப்பட்டி: பசங்களைக் கூட்டிட்டுப் போய் ஃபாசில் காட்ட நம்ம பக்கம் எங்க போகலாம்?

மதுரையில பாறையில கிடையாதுன்னு சொன்னேன்ல. அரியலூர் போங்க, வாரணவாசியில அருங்காட்சியகம் இருக்கு. அந்த ஊரே ஒரு காலத்துல கடலுக்கு அடியில கிடந்தது, சிமெண்டுக்கு சுண்ணாம்புக்கல் தோண்டுற இடத்துல கடல் சங்கு மாதிரி சுருண்ட அம்மோனைட்டா வரும். அது டைனோசர் காலத்துக் கடல், இன்னைக்கு நம்ம பேசுன ராட்சசங்களுக்கெல்லாம் முந்தினது. போற வழியில பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல கல்லா மாறுன மரம் ஒண்ணு படுத்திருக்கு, 18 மீட்டர், அது பக்கத்துல பசங்களைப் படுக்க வச்சு எத்தனை பேருன்னு எண்ணச் சொல்லுங்க, வாசுகி என்ன நீளம்னு தன்னால புரியும், கடைசி 10 அடிய மட்டும் கழிச்சுக்கங்க. கல்லை எதையும் பையில போட்டுக்கிட்டு வந்துராதீங்க.

செல்லூர் தம்பி மறுபடியும்: அண்ணே கோவிச்சுக்காதீங்க, அந்த ஜேசிபி படத்தை நானே அளந்து பாத்தேன். எங்க சித்தப்பா ஜேசிபி ஓட்டுறவரு, முன்பக்கெட் ஏழரை அடி அகலம்ங்கிறாரு. அந்தக் கணக்குல வச்சுப் பாத்தா பாம்பு 16 அடி வருது, 60 இல்ல.

இதுக்காகத்தான்டா இன்னைக்கு பூரா உக்காந்து தட்டுனேன். ஒண்ணு மட்டும் விட்டுட்ட. படத்தை இன்னொரு தடவை திறந்து பாரு, பாம்பு பக்கெட்டுக்குள்ள இல்ல, பக்கெட்டுக்கு முன்னால கேமராப் பக்கம் நீட்டி விட்டிருக்கு, பின்னாடி நிக்கிற ஆளுக உன் சுண்டுவிரல் அளவு தெரியுறாங்க. கிட்ட இருக்குறது பெருசாத் தெரியும். நீ 11ல இருந்து 13 அடின்னு வச்சுக்க. அழகர்மலை அடிவாரத்துல அந்த சைஸ் மலைப்பாம்பு நானே பாத்திருக்கேன், ரோட்டைக் கடக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு, டவுன் பஸ்ஸை நிறுத்தி எல்லாரும் எறங்கி நின்னு பாத்தோம், கண்டக்டர் மட்டும் 30 அடி இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தார்.